பத்துப் பத்துக் கிலோவாக

புளியரைச் சோதனைச் சாவடிக்குக் கிழக்கே
மூன்றாவது வளைவில் எடைமேடை.
ராத்திரி ஷிப்ட்டு எனக்கு.
மேற்கே போவது வைக்கோல், வாழைத்தார், கல், எம்-சாண்ட்.
கிழக்கே வருவது ரப்பர் ஷீட்டு, சிலநேரம்
தார்ப்பாய்க்குள் நாற்றத்தோடு
யாரும் பேர் சொல்லாத சரக்கு.
எதுவானாலும் எனக்கு எண் மட்டும்தான்.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால் மிச்சம் சரக்கு.
பதினொரு வருசமாக இந்த ஒரே கணக்கு.

முப்புடாதிக்குக் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது.
புனேக்குப் பக்கத்தில் ராணுவக் கல்லூரி.
மூன்று வருசம் சோறு, துணி, பட்டம்,
கைச்செலவுக்கு மட்டும் நாம் அனுப்பினால் போதும்.
அப்புறம் இன்னொரு வருசம். தோளில் நட்சத்திரம்.

புனலூரில் நர்சிங் சீட்டும் கிடைத்திருக்கிறது.
ஐந்தரை லட்சம் லோன். ரயிலில் இரண்டு மணி நேரம்.
ஞாயிற்றுக்கிழமை வந்து மீன்குழம்பு தின்றுபோகலாம்.
அவள் அப்பா திருச்சூரிலிருந்து,
பெயிண்ட் வாளியைக் கீழே வைக்கும் சத்தத்தோடு, சொன்னார்:
"நர்சுன்னா நாடு நாடா போலாம். இது போனா
நாடு சொல்ற எடத்துக்குத்தான் போணும்."
நல்ல வாக்கியம்.
அவருக்கே தெரியாது.

தெற்குமேட்டுச் சமுத்திரவேல் அதே கல்லூரிக்குப் போனவன்.
இரண்டாம் வருசம் கயிறு நழுவி
முதுகில் இரண்டு எலும்பு.
படித்தவன் கணக்கில் பட்டமில்லை,
படையிலிருந்தவன் கணக்கில் பென்ஷனில்லை.
செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை,
உட்கார முடியாமல் மிஷினில் சாய்ந்தே நிற்பான்.
நகல் எடுக்கப் போனபோது,
திரும்பவும் போவியாப்பா என்று கேட்கத்தான் நினைத்தேன்.
அவன் தாளைப் புரட்டிப் புரட்டி
"எந்த ஸ்குவாட்ரன்னு போட்டிருக்காக்கா?" என்றான்.
அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
காசு வாங்கவில்லை.

அதை எந்தத் தட்டில் போடுவது?

அவள் இந்தியில் கனவு காண ஆரம்பிப்பாள்.
போனில் ஆமாவுக்குப் பதில் ஜி வரும்.
சண்டை என்ற வார்த்தையை நான் இன்னும் மேடையில் ஏற்றவில்லை.
ஆனால் போன ஆவணியில் ஆறு டிரைவர்கள் சூழ்ந்துகொண்டு
ரெண்டு டன்னைக் குறைத்துப் போடு என்றபோது
நான் எப்படி நின்றேனென்று எனக்குத் தெரியும்.
அவள் அப்படி நிற்க மாட்டாள்.
அதற்கு மட்டும் தனியாக ஒரு லாரி வேண்டும்.

மெடிக்கலில் முதல் தடவை எடை குறைவென்று திருப்பினார்கள்.
நாற்பத்திரண்டு நாள் கெடு.
சோறு கொண்டுவந்த ஒரு ராத்திரி
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தூறலில்,
வெறும் மேடையில் ஏறி நின்றாள்.
லாரிக்குச் செய்த தராசு.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் நகரும்.
நாற்பது என்றது. ஐம்பது என்றது. திரும்பவும் நாற்பது.
"சரியாப் பாரும்மா, நான் என்ன வைக்கோல் கட்டா?"
சிரித்தோம்.
நடுவில் தொலைந்த கிலோக்களை
அவள் போனபிறகு விடியும்வரை தேடினேன்.

பத்திரம் நூறு ரூபாய் முத்திரைத்தாள்.
நடுவில் விட்டு வந்தால் செலவையெல்லாம் பெற்றோர் கட்டணும்.
வாரக்கணக்கு. பெருக்கிப் பார்த்தேன்,
விடையை எச்சில் தொட்டு அழித்தேன்.

நேற்று ராத்திரி இரண்டரை மணி.
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.
ஆரியங்காவுக் காற்று தாளைத் தூக்க
முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தபோது
வைக்கோல் லாரி. ஹார்ன்.
"சேச்சி, ஒந்நு வேகம்!"
ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்து, பழக்கத்தில்
ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி
ஓங்கிக் குத்தினேன்,
பத்திரத்தின் மேல்.
ஊதா மையில் 'எடை சரி',
நான் கையெழுத்துப் போடவேண்டிய கோட்டில்
கொஞ்சம் சாய்ந்து.

விடிந்ததும் பார்த்துவிட்டுக் கத்தினாள் முப்புடாதி.
ஆபீசர் கத்துவதுபோல் அல்ல,
பல்லு விழுந்த பிள்ளை கத்துவதுபோல்.
புதுத்தாள் வாங்க வேண்டும்.
இன்றைக்கு ஞாயிறு, வெண்டர் வரமாட்டார்.

சரிட்டி, நாளைக்குப் போவோம் என்றேன்.
தெருவில் மீன்காரன் குரல்.
இறங்கிப் போய் ஒரு கிலோ சாளை வாங்கினேன்,
நிறுத்ததைப் பார்க்காமல்.