ஓர் இலக்கம் பிசகி

நான் கண் மருத்துவர்.
பதினான்கு ஆண்டுகள் புரை நீக்கிய கை இது.
ஜூலைக் குளிரில், அரேகிப்பாவின் பெரிய ஆஸ்பத்திரியில்,
என் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு
ஒரு முழுக்கவச உடுப்பைத் தந்து
மூன்றாம் மாடிக்குப் போ என்றார்கள்.

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மூச்சடக்கியவள்
இப்போது நூறு கிலோ மனிதரை
ஐந்து பேரோடு சேர்ந்து குப்புறப் புரட்டுகிறேன்.

உடுப்புக்குள் போனால் எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லை.
குடித்தால் வெளியே வரவேண்டும்,
வந்தால் உடுப்பு போச்சு,
போனால் நாளைக்கு யாரோ ஒருவருக்கு இல்லை.
கணக்கு எளிது. அடிவயிறு ஒத்துக்கொள்வதில்லை.
ஆள் அடையாளத்துக்கு முதுகில் பெயர் எழுதிக்கொள்வோம்.
மயக்க மருந்து ரொசெந்தோ ஒருநாள்
என் முதுகில் வேறு பெயரை எழுதிவிட்டான்.
ஷிப்ட் முடியும்வரை அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு, உடுப்பைக் கழற்றியதும்,
உறவினர்களுக்குப் போன்.
ஏழாம் படுக்கை, ஃபெர்மின் கோவா, அறுபத்திரண்டு.
ஆம்புலன்ஸ்காரர் கிறுக்கிப்போன எண்ணில்
ஏழா ஒன்றா தெரியாத ஒரு கோடு.
ஊருக்கெல்லாம் எழுத்துப் பலகை காட்டுகிறவள்
ஒன்று என்று படித்தேன்.

எடுத்தது ஒரு டயர் கடை.
ஷட்டர் பாதி இறக்கி, லாரிகளுக்காக மட்டும்.
பின்னால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.
ஃபெர்மினை அவருக்குத் தெரியாது.
மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன்.
"வச்சிடாதீங்க. அந்த ஆளுக்கு மூச்சு எப்படி இருக்கு?"

சொல்லக்கூடாது. விதி இருக்கிறது.
எண்பத்தாறு, என்றேன்.
"நூத்துக்கா?"
நூற்றுக்கு.
"காருக்கு முப்பத்திரண்டு பவுண்டு காத்து போதும்.
மனுஷனுக்கு எவ்வளவு?"
நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர், என்றேன்,
கிடைத்தால்.

மறுநாள் சரியான எண் கிடைத்தது. மகள், தாக்னாவில்.
அவளிடம் பேசி முடித்தேன்.
நான்கு பத்துக்கு டயர் கடைக்கும் அடித்தேன்.
ஏன் என்றான் ரொசெந்தோ.
மகளிடம் பேசுவது இஸ்திரி போட்ட குரல்.
இவரிடம் கசங்கலாம்.
இதை ரொசெந்தோவிடம் சொல்லவில்லை.

எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. மறுபடி எண்பத்திரண்டு.
கடைக் கதவில் சாக்பீஸால் குறித்து வைக்கிறாராம்.
வருகிற லாரிக்காரர்கள் எல்லாம்
"யாரு கடன் இது, இப்படி ஏறி இறங்குது?" என்கிறார்களாம்.
சிரித்தேன். சிரித்தால் மூக்குத் தண்டில்
முகக்கவசம் அறுத்த இடம் வலிக்கிறது.

பன்னிரண்டாம் நாள் விடிகாலையில்
ஏழாம் படுக்கையின் விரிப்பை மாற்றினார்கள்.
கண்களை மூடியது நான்தான்.
அது என் துறை.

தாக்னாவுக்குச் சொன்னேன். அவள் அழுததைக் கேட்டேன்.
அதற்குள் அதற்கும் பழகியிருந்தது.
நான்கு பத்துக்கு எண்ணை அழுத்திவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றேன்.
அவரும் கேட்கவில்லை.
கம்ப்ரஸரை நிறுத்தினார்.
அந்தக் கடைக்குள் அத்தனை மௌனம் இருந்தது
எனக்கு இதுவரை தெரியாது.
"கதவை அழிச்சிடட்டுமா?"
வேண்டாம், என்றேன்.

அடுத்த நாள் அழைக்கக் காரணம் இல்லை.
விரல் அழைத்தது.
"இன்னைக்கு எந்தப் படுக்கை?"
ஏழில் ஒரு தச்சர் வந்திருந்தார், எழுபத்தொன்பதோடு.
வாயில் வந்தது அதுவல்ல.
காலையிலிருந்து நான் உட்காரவில்லை, என்றேன்.

கொஞ்சம் யோசித்தார்.
"இங்கன்னா ஒரு டயரை உருட்டி விடுவேன்.
தரையில உக்காருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்தேன்.
ஜன்னலில் மிஸ்தி எரிமலை,
மேலே யாரும் துடைக்காத பனி.
மறுமுனையில்
எவருடைய சக்கரத்திலோ
காற்று ஏறிக்கொண்டிருந்தது.