நாற்பதாம் எண் வீடு

நீரிணையைக் கடந்து படகில் வந்தது அச்சுப்பொறி.
பக்கத்தில் ஒரு லாரி நிறையச் செம்மறிகள்;
இரண்டரை மணி நேரம் பெட்டியைப் பிடித்தபடி நான்.
போர்வெனிர் துறையில் இறங்கியதும்
காற்று முதலில் கேட்டது ரசீதைத்தான்.
கேட்டது என்ன, பறித்துக்கொண்டே போய்விட்டது.

கால்நடைப் பதிவு அலுவலகம்:
மஞ்சள் தகரம் அடித்த வீடு. ஐந்து கணினிகள்.
இதுவரை ஒரே அச்சுப்பொறி, அதுவும்
தானிட்சா வுகாசோவிச் மேசையில்.
மற்ற நால்வரும் பென் டிரைவும் கையுமாக
அவள் முன்னால் நிற்பார்கள்.
அவளுக்குத் தலைவலி வந்த நாளில்
தீவில் ஓர் ஆட்டுக்கும் சான்றிதழ் கிடையாது.

"இனி அவரவர் இடத்திலிருந்தே அனுப்பலாம்" என்றேன்.
"அப்படியா" என்றாள் தானிட்சா,
மாத்தே குவளையிடம் சொல்வதுபோல்.

நடைவழியில், அடுப்பின் சூடு எட்டாத மூலையில் வைத்தேன்.
கம்பியைச் செருகினேன். பச்சை விளக்கு இமைத்தது.
கணினி கணினியாகப் போய் டிரைவர் ஏற்றினேன்.
சோதனைத் தாள் வந்ததும்
ரோமில்டா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்:
"ரொட்டி மாதிரி இருக்கு."

மதியம் காற்றில் மின்சாரம் போனது. வந்தது.
அதன்பின் யார் அனுப்பியும் எதுவும் வரவில்லை.
அச்சுப்பொறியைக் காணவில்லை என்கிறது திரை.
எட்டடி தூரத்தில் நிற்கிறது அது,
விளக்கும் எரிகிறது.

விளக்கினேன்:
ரவுட்டர் உறங்கி எழும்போதெல்லாம்
முதலில் வந்தவனுக்குக் கையில் கிடைத்த எண்ணைக் கொடுக்கும்.
காலையில் இது இருபத்து மூன்றில் குடியிருந்தது.
இப்போது முப்பத்தொன்றில்.
இருபத்து மூன்றில் இருப்பது ஒவிதியோவின் கைப்பேசி.
தீவின் ஆட்டுக் கணக்கு முழுதும்
இவ்வளவு நேரமும் அதன் கதவைத்தான் தட்டியிருக்கிறது.

ஒவிதியோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
அவர் சிலோயேக்காரர்.
"எங்க பக்கம் வீடே நடக்கும்" என்றார்.
"அடியில உருட்டுக் கட்டை, முன்னால எட்டு ஜோடி எருது,
பின்னால ஊரு.
எங்க மாமா வீடு மேட்டிலிருந்து இறங்கி
கடல்ல மிதந்து அக்கரை ஏறிச்சு.
ஒரு கண்ணாடி உடையல."
"அவருக்குக் கடுதாசி வந்தா?"
"தபால்காரன் காலி மனையில நின்னு
இழுத்த தடத்தைப் பார்ப்பான்.
கரை வரைக்கும் போவான். அப்புறம் படகு பிடிப்பான்."

என் கணினிகளுக்குத் தடம் பார்க்கத் தெரியாது.
அச்சுப்பொறியின் கட்டைவிரல் அகலத் திரையில்
ஒவ்வோர் எண்ணாக அழுத்தி எழுதினேன்:
முடிவில் நாற்பது. இனி நகராதே.
ரவுட்டரிடமும் சொல்லி வைத்தேன்:
நாற்பதை வேறு யாருக்கும் வாடகைக்கு விடாதே.
ஐந்து கணினிகளுக்கும் புது விலாசம் கொடுத்தேன்.

தேங்கி நின்றதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது.
பொறுமையில்லாத விரல்கள் அழுத்திய
அதே சான்றிதழ், அதே மந்தை, பதினோரு முறை.
ரோமில்டாவின் விடுப்பு விண்ணப்பம்.
யாரோ ஒருவர் மகளுடைய பள்ளிக்கூட வரைபடம்.
கடைசியில், வெள்ளைத் தாள் நடுவே
ஒற்றைச் சொல்:
கேட்கிறதா?

யாரும் உரிமை கொண்டாடவில்லை.
அனுப்பிய கணினியின் பெயர் வரிசையில் எனக்குத் தெரிந்தது.
தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அன்று படகு ஓடவில்லை.
அலுவலக பெஞ்சிலேயே படுத்தேன்.
இரவில் இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது.
இரண்டு முறையும் மூலையில் அது முனகி எழுந்து
தொண்டையைச் செருமி
இருட்டுக்குள் தன் எண்ணைச் சொன்னது.
நாற்பது. சரி, தூங்கு.

காலையில் கிறீச்சென்ற சத்தத்தில் விழித்தேன்.
மேசையை இழுத்துக்கொண்டிருந்தாள் தானிட்சா,
கெட்டில், குவளை, நாட்காட்டி எல்லாம் மேலேயே இருக்க.
பின்னால் தள்ளியவர் ஒவிதியோ;
எருதுகளை அதட்டும் குரல் ஒன்றை மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.
அறையிலிருந்து நடைவழி மூலை வரைக்கும்
லினோலியத்தில் நான்கு கோடுகள்.

"இங்கே குளிருமே" என்றேன்.
"காகிதம் எடுக்க இங்கேதானே வந்தாகணும்" என்றாள்.
கெட்டிலை வைக்க இடம் தேடி
அச்சுப்பொறியின் மூடியைத் தட்டிப் பார்த்தாள்.
"அதன் மேல் வேண்டாம்" என்றேன்.