கரையும் வரை

பீன்யாவில் நான் மூடி வார்க்கிறேன்.
ஊறுகாய்ப் புட்டிக்கு, எண்ணெய்க் கேனுக்கு,
ஷிஃப்டுக்கு ஒன்பதாயிரம்.
ஒன்றும் சாகப்போவதில்லை.
எனக்குப் பின்னாலும் ஏதோ ஒரு சாக்கடையில்
வாய் பிளந்து கிடக்கும்.

அதனால்தான் டாக்டர் பெட்டியை நீட்டி
"இதுவும் பாலிமர்தான்" என்றபோது
கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

இது கரைந்துவிடும் என்றார்.
கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் துளி மருந்து.
சதைக்குள் ஊறி, உடைந்து,
தயிரைப் புளிக்கவைக்கும் அமிலமாகிப் போய்விடுமாம்.
தயிர் என்றதும் தயாளன் சிரித்தான்.
அவன் சிரித்து எட்டு மாதம் இருக்கும்.

மாத்திரைக் காலம் வேறு.
வாயைத் திற, நாக்கைத் தூக்கு,
தம்பியிடம் தினம் இரண்டு வேளை போலீஸ் வேலை.
ஒருநாள் தலையணை உறைக்குள் நாற்பத்தோரு மாத்திரை,
எச்சிலில் நனைந்து காய்ந்தவை.
எண்ணி முடித்துவிட்டு அவனை அடித்தேன்.
அதை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி.
ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் அதன் பெட்டி.
கரண்ட் போனால் லிங்கராஜபுரமே விசிறி தேடும்;
நான் மட்டும் ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று கத்துவேன்.
விலையை அவனிடம் சொல்லவில்லை.
என் பாதிச் சம்பளம் அவன் இடுப்பில் இருக்கிறது.
நர்ஸ் குப்பியைக் குலுக்கி, குத்தி, "ஆய்த்து" என்பாள்.
ஆகவில்லை.
முதல் மூன்று வாரம் உருண்டைகள் சும்மா கிடக்கும்.
அதுவரை அதே மாத்திரை, அதே நாக்கு.

நான்காம் வாரம்
குரல்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன என்றான்.
ஆனால் கால்கள்.
உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.
இரவு இரண்டு மணிக்கு மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான்.
"அக்கா, இதை எடுத்துடு."

மாத்திரையாக இருந்தால் அன்றிரவே கேட்டிருப்பேன், நிறுத்தட்டுமா என்று.
உள்ளே போனதை எடுக்க வழியில்லை.
கரையும் வரை கரையும்.
பின்னாலேயே நானும் நடந்தேன்,
சாகாத பிளாஸ்டிக்கைச் செய்து சம்பளம் வாங்குபவள்,
சாகத் தாமதிக்கிற ஒன்றைத் திட்டிக்கொண்டே.

காலையில் டாக்டர் அடுத்த ஊசியின் அளவைக் குறைத்தார்.
அது தெரியவும் சில வாரம் ஆகும்.
அதுவரை கால்களுக்கு ஒரு மாத்திரை.

தயாளன் உள்ளங்கையை நீட்டினான். விழுங்கினான்.
நான் கேட்காமலே வாயைத் திறந்து
நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

மேலே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்.
பார்க்காமல்
மோட்டாரை நிறுத்தப் போனேன்.