வெந்நீர்

முதல் வகுப்பில் எங்கள் பன்னிரண்டு பேரையும்
கட்டிலில் படுக்கவைத்து
ஒவ்வொருத்திக்கும் அடியில்
ஜில்லென்ற பெட்பேனைச் செருகினார்
சிஸ்டர் டியூட்டர் நேசரத்தினம்.
அலறினோம்.
"இதுதான் பாடம். எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை."

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, அறுபத்து மூன்று.
வெள்ளைக்கார மேட்ரன் விட்டுப்போன நாற்காலியில்
அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை.

இன்று அதே ஆஸ்பத்திரி, ஆறாம் கட்டில்.
இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார்.
அவர் பெயரைக் கேள்விப்பட்டேயிராத நோர்ஹயாத்தி,
அலோர் ஸ்டாரில் பயிற்சி முடித்தவள்,
பெட்பேனை வெந்நீரில் அலசித்
துடைத்து, தன் முழங்கையில் வைத்துப் பார்த்து
மெல்ல நுழைத்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிஸ்டர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்:
"பத்துக்கு எட்டு.
திரையை மூடவில்லை, பார்."

கைத்தடியை ஊன்றி
எழுந்துபோய் மூடினேன்.