எடைச்சீட்டு

வாகைக்குளத்தில் இறங்குகிற விமானங்களில்
ஆகச் சின்னது எங்களுடையது.
மூக்கில் ஒற்றை விசிறி, உள்ளே ஒன்பது இருக்கை.
வாடகைக்கு வரும்,
கல்யாணத்துக்கு வேன் பிடிப்பது போல.
பெரிய விமானத்துக்காரர்கள் அதைக் குட்டியானை என்கிறார்கள்.
சந்தையில் வெங்காயம் இறக்கும் வண்டியைச் சொல்கிறார்கள் என்று
கேப்டன் பேட்டிவாலாவுக்குத் தெரியாது.
யானை என்றதும் அவருக்குச் சந்தோஷம்.

என் வேலை எடை எழுதுவது.
பெட்டியை மட்டுமில்லை, ஆளையும் நிறுக்க வேண்டும்.
கனத்த ஆள் முன்னால், மெலிந்த ஆள் பின்னால்.
வால் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும்,
அப்புறம் பேச்சில்லை.

இதுவரை ஒருத்தர்கூடத் தன் எடையை உள்ளபடி சொன்னதில்லை.
குவாரிக்காரர் எழுபது என்றார். தொண்ணூற்றொன்று.
ஒரு கல்யாணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்,
பிறகு வளையல்களை,
பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு இன்னொரு தடவை.
தேர்தல் மாதத்தில் வந்தவர்
'அந்தப் பையைப் போடாண்டாம் தங்கச்சி' என்றார்.
கையால் தூக்கிப் பார்த்தேன். பதினாலு. எழுதினேன்.
உள்ளே என்ன என்று எழுத அந்தச் சீட்டில் கட்டமில்லை.

கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளுக்கும் மூன்று கை,
எங்கள் விசிறிக்கும் மூன்று கை.
ஆடி முழுக்கச் சுற்றியும் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றனவே என்றேன்.
'சிமெண்ட் போட்டுப் புதைத்திருக்கிறார்கள், ஆவ்டி' என்றார் கேப்டன்.
என் பெயர் ஆவுடைச்செல்வி.

சித்திரை உச்சிவெயிலில் காற்று இளைத்துப்போகும்.
அன்றைக்கு எட்டுப் பேர், சென்னைக்கு.
நாலாவதாகத் தராசில் ஏறியவர் சேர்மத்துரை முதலாளி.
அவருக்கு என்னைத் தெரியாது.
எனக்கு அவர் படத்தைத் தெரியும்,
முக்கூடலில் பீடிக்கட்டின் லேபிளில்
அப்பா மீசையோடு பக்கத்தில் சிறுவனாக நிற்பார்.

அந்தக் கம்பெனியில்தான் அம்மா இலை வாங்கினாள்.
ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று நிறுத்துத் தருவார்கள்,
ஒரு பிடி குறையும்.
குறைந்ததைத் தன் காசில் வாங்கிச் சுற்றிக் கணக்கைக் கட்டுவாள்.
கேட்டால், 'தராசு சரியாத்தான் இருக்கு,
ஒங்க கைதான் தாராளம்' என்பார் கணக்கப்பிள்ளை.

முள் இல்லாத தராசு இது. சிவப்பு எண் ஓடி நின்றது.
தொண்ணூற்று நாலு.
'எம்பத்தாறுன்னுல்லா வீட்டு மெசின்ல காட்டுது' என்றார்.
இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி மறுபடி ஏறினார்.
தொண்ணூற்று நாலு.
குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'ஏம்மா, ஒங்க தராசு சரியாத்தான் இருக்கா?'

சொல்வதற்கு எனக்கு வாய் வரைக்கும் ஒன்று வந்தது.
'இருபத்தஞ்சு கிலோ படிக்கல் இருக்கு,
வச்சுக் காட்டட்டுமா சார்' என்று மட்டும் கேட்டேன்.
வைத்தேன். இருபத்தைந்து.
ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை.
அந்த எண்ணையே வேண்டிய நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தது
அவர் இல்லை, நான்.

மொத்தத்தில் பதினெட்டு கிலோ கூடுதல்.
டீசலைக் குறைக்கலாமே என்றார் அவருடைய மருமகன்.
அது டீசல் இல்லை,
குறைத்தால் விழுப்புரத்தில் இறங்க வேண்டிவரும் என்றேன்.
இரண்டு அல்வாப் பெட்டியை இறக்கினோம்.
முதலாளிக்குக் கேப்டனுக்கு நேர் பின்னால் இருக்கை,
கௌரவம் என்று நினைத்துக்கொண்டார், நினைக்கட்டும்.

விசிறி முதலில் கையாகத் தெரிந்தது,
பிறகு தட்டாக, பிறகு ஒன்றுமில்லாமல்.
ஓடுபாதையில் பாதி தாண்டியும் எழும்பவில்லை,
எனக்குச் சீட்டிலிருந்த கூட்டல் எல்லாம் ஒருமுறை வந்துபோனது.
எழும்பிற்று. கருவேலங்காட்டுக்கு மேலே சாய்ந்து திரும்பியது.

அல்வாவை வண்ணார்பேட்டையில் ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
அங்கேயும் தராசு வைத்திருக்கிறார்கள்.
பதினெட்டை இருபது என்றான் பையன்.
இருபதுக்குத்தான் காசு கொடுத்தேன்,
பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.