இடக்கை வீடு

லெய்டனில், காகிதங்களின் அறையில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீடு.
முந்நூற்று எழுபது வருஷத்து மை.
அட்டையின் பின்னால் பென்சிலில் யாரோ:
‘நெசவாளர் குடும்பம். மனநிறைவு.’

மனநிறைவை உருப்பெருக்கியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவன் இடது கையால் நாடாவை எறிகிறான்.
அவள் இடது கையால் டர்னிப் தோல் சீவுகிறாள்.
கதவோரம் ஆறு வயதிருக்கும் பெண்
இடது கையால் ராட்டை சுற்றுகிறாள்.
வீடு முழுக்க இடக்கையா, என்று சிரித்தான் சீப்ரண்ட்.
தகட்டில் வலது, தாளில் இடது;
பொறித்தவன் திருப்பி வரைய மறந்திருப்பான்,
அல்லது கூலி அதற்குப் போதாது.

கைக்கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தேன்.
எல்லோருக்கும் வலக்கை திரும்பிற்று.
தாளில் கண் முதலில் விழுவது
ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முதுகு.
கண்ணாடியில் முதலில் அந்தப் பெண்.
ஊசி செம்பின்மேல் ஊர்ந்தபோது
அவளிடமிருந்துதான் தொடங்கியிருக்கக்கூடும்.
குடும்பத்தலைவன்
அச்சில்தான் முன்னே வந்தான்.

அமிலத்துக்கு ஒரு நியாயம் உண்டு:
அதிக நேரம் கிடந்தது அதிகம் கறுக்கும்.
தறிக்கட்டைகள் கறுப்பு. மேசையடி கறுப்பு.
அம்மாவின் முகத்தைச் சீக்கிரமே மெழுகால் மூடிவிட்டான்.
வாய் இருக்குமிடத்தில் வெறும் தாள்.
சிரிப்பா, பல்லில் கடித்த நூலா, தெரியவில்லை.
பென்சில்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

கீழ்மூலையில் இரண்டெழுத்து, அவையும் இடவலம் மாறி.
மை அரைத்தவர், தாள் நனைத்தவர்,
உருளையின் சக்கரத்தைச் சுற்றியவர்
எழுத்தில்லாதவர்கள்.

மேசையடி இருட்டில் ஒரு தொட்டில்.
தொட்டிலிலிருந்து அவள் கால் பெருவிரலுக்கு
மயிரிழையாய் ஒரு கோடு.

கீறல், என்றான் சீப்ரண்ட்.
தகட்டைத் துடைக்கையில் மணல் பட்டிருக்கும்.
கயிறு, என்றேன்.
ஹார்லெம் பிரதியிலும் இருக்கிறதே.
கீறலும்தான் எல்லாப் பிரதியிலும் விழும், என்றான்.
அதுவும் சரிதான்.

பொறித்த கோடு மொட்டையாய் முடியும்.
கீறல் கூராய்த் தேயும்.
இது தொட்டில் பக்கம் மொட்டை,
விரல் பக்கம் கூர்.

ஹில்லெகோமில் என் அம்மா துலிப் கிழங்கு உரித்தாள்,
பெட்டிக்கு இத்தனை சென்ட் என்று.
சாறு பட்டு விரல்நுனி வெடித்திருக்கும்.
தம்பியின் தள்ளுவண்டியை ஒரு கால் முன்னே தள்ளும்,
அதே கால் பின்னே இழுக்கும்.
காலுக்கும் கூலி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.
இதைச் சீப்ரண்டிடம் சொல்லவில்லை.
சொன்னால், இது சான்றாகாது என்பான்.
ஆகாதுதான்.

பட்டியலில் ‘மனநிறைவு’மீது கோடு கிழித்தேன்.
தறி ஒன்று, ராட்டை ஒன்று,
டர்னிப் ஏழு, அதில் நான்கு தோலோடு,
தொட்டில் ஒன்று என்று எழுதி
கடைசியில்: கயிறு?

மாலை அறையைப் பூட்டும்போது பார்த்தேன்.
சீப்ரண்ட் கயிற்றை மட்டும் அழித்துவிட்டுக்
கேள்விக்குறியை
அப்படியே விட்டிருந்தான்.