இருபத்திரண்டு மணி ஏழு நிமிடம்

ராயக்கோட்டை தக்காளி மண்டி வாசலில் மேடை.
நசுங்கிய பழத்தின் புளித்த வாடைக்குள்
பந்தோபஸ்து நிற்கிறேன்.
வேட்பாளர் திரு. சென்னகேசவன்,
காவல் ஆய்வாளர் (விருப்ப ஓய்வு).
அடைப்புக்குறியை மட்டும்
சுவரொட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மூன்று வருடம் அவர் சொல்ல நான் எழுதினேன்.
காற்புள்ளிக்கு லத்தியால் மேசையில் ஒரு தட்டு,
முற்றுப்புள்ளிக்கு இரண்டு.
'எழுதுய்யா ரைட்டர்.'
எழுதினேன்.

திம்மக்காவின் மகன் கல்குவாரியில்
மாலை ஆறேகாலுக்கு வெடியில் செத்தான்.
'காலை ஆறேகால்' என்றார். ஒரு தட்டு.
'இயற்கை உபாதைக்குச் சென்றவர்', ஒரு தட்டு,
'பாறையில் கால் வழுக்கி இறந்துள்ளார்.'
இரண்டு தட்டு.
பொழுதை மாற்றுவது அவ்வளவு சுலபம் என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
டீ வாங்கித் தந்தார். குடித்தேன்.

இப்போது கரைவேட்டி,
மொடமொடப்பு இன்னும் போகவில்லை.
பேச்சின் நடுவே கை இடுப்புக்குப் போய்
பெல்ட்டைத் தேடி
வயிற்றைத் தடவித் திரும்புகிறது.
'ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கும் ஏழையின் வலி
எனக்குத் தெரியும்' என்கிறார்.
தெரியும்தான்.
காத்துக் கிடக்க வைத்தவருக்குத் தெரியாதா.

மூன்றாம் வரிசையில் திம்மக்கா.
தலைக்கு முந்நூறு, ஒரு பொட்டலம்.
கட்சிக்கொடியை விசிறியாக்கிக்
கொசு விரட்டிக்கொண்டிருக்கிறாள்.
மேடையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்க்கிறாள்.

பத்து ஏழு. மைக் நிற்கவில்லை.
'நேரம் குறிச்சுக்கோங்க ஏட்டு' என்கிறார்
வந்து நாலு மாதமான எஸ்.ஐ. அம்மா.
மேடையிலிருந்து இறங்கி
நேராக என்னிடம் வருகிறார் அவர்.
என் வலது கை தானாகக் கிளம்பி
நெற்றி வரை போய்விட்டது.
வேர்வை துடைத்ததாகக் கணக்கு.

'நல்லா இருக்கியா? பொண்ணு என்ன படிக்குது?'
பதிலுக்கு நிற்கவில்லை.
'ஒன்பது அம்பத்தெட்டு. எழுதுய்யா ரைட்டர்.'
லத்தி இல்லை.
ஜீப் பானெட்டில் மோதிர விரலால்
இரண்டு தட்டு.

'நேரத்தை எண்ணால் எழுதாதே, எவனாவது திருத்துவான்.
எழுத்தால் எழுது.'
சொல்லிக் கொடுத்தவரும் இவர்தான்.

இருபத்திரண்டு மணி ஏழு நிமிடம்
என்று முழுசாக எழுதினேன்.
கை நடுங்கியதில் 'ழு' மட்டும்
வரியை விட்டுக் கீழே இறங்கிவிட்டது.

மே மாதம் அவர் ஜெயித்தால்
எனக்குத் தொண்டி, இல்லையென்றால் வால்பாறை.
ஜெயிக்காவிட்டாலும்
ரெக்கார்டு ரூமில், ஜன்னலோரக் கட்டில்,
நடுங்காத என் கையெழுத்தில்
காலை ஆறேகால் அப்படியே இருக்கும்.

கூட்டம் கலைகிறது.
ஆள் ஏற்றி வந்த டெம்போ ஹாரன் அடிக்கிறது.
திம்மக்கா கொடித்துணியை உருவிக் கீழே போட்டுவிட்டு
கொம்பை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.
கீழே கிடந்த இன்னும் நாலைந்தைப் பொறுக்குகிறாள்.
தக்காளிச் செடிக்கு ஊணுகோல் ஆகும்.